தொட்டியத்திலிருந்து ஒரு நேயர்

அத்தியாயம் பதினொன்று

சர்க்காருக்குச் சொந்தமான சாமான்களில் மாசு மருவற்றது ஒன்றே ஒன்றுதான். ரயிலில் கரி உண்டு. ரேஷன் அரிசியில் கல் உண்டு. ஆனால் ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளர் அற்புதசாமியின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் நிற்கிற மைக் இருக்கிறதே, அதில் இந்த நிமிடம் வரை ஒரு தூசி கிடையாது.

இதை அற்புதசாமியே சொல்லியிருக்கிறார். எனவே சந்தேகத்துக்கு இடமில்லை.

"மைக் முன்னால உட்கார்ந்துட்டா எனக்குக் குடும்பம் கிடையாது," என்று அந்த வெள்ளிக்கிழமை காலை, இட்லி முன்னால் உட்கார்ந்தபடி அறிவித்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல என் வீட்டு ஆளு பேரு ஒண்ணு, ஒரே ஒண்ணு, அந்த மைக் வழியா வெளிய போயிருக்கா? நீயே சொல்லு மேரி."

இருதயமேரி சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

"மைக் முன்னால உட்காராதப்பவும் உங்களுக்குக் குடும்பம் இருக்கற மாதிரி தெரியல."

மகன் இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. அவன் பி.ஏ. இரண்டாம் வருஷம், கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் பிரின்சிபாலைப் பற்றி எழுதி ஏழு நாள் வெளியே நின்றவன். சிரிப்பு வரும்போது முகத்தை இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்வது அவனுக்குக் கைவந்த கலை. "அப்பா சொல்றது நெசம்தாம்மா. நான் அஞ்சாவது படிக்கறப்ப ஒரு பாட்டு கேட்டுக் கார்டு போட்டேன். கையெழுத்தைப் பார்த்துட்டு கிழிச்சுப் போட்டாரு."

"சிபாரிசு கூடாதுன்னு போட்டேன்."

"பதினஞ்சு பைசா கார்டுப்பா."

போன வாரம் இந்த வீட்டுக் கதவைத் தட்டியவரைப் பார்க்காதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மூத்த மகள் பேட்ரிசியா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அதே பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டினார்கள். ஒருநாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலையும் தாண்டினார்கள். வாத்தியார் தொட்டியத்து வாழைக் குடியானவர் ரங்கசாமியின் மகன். விபூதி பூசுகிற குடும்பம். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அற்புதசாமி மகளின் பெயரை உச்சரிக்கவில்லை. 'ப' வரிசையில் எதையாவது சொல்லும்போதே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தார்.

இப்போது பேட்ரிசியாவுக்குப் பெண் குழந்தை. முசிறி வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் போன வாரம் வந்து செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் தொட்டில் போடுகிறார்கள். பெயர் வைக்க அப்பா வரவேண்டும். அவர் வைக்காமல் வேறு யார் வைத்தாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். சொல்லிவிட்டு மண்டிக்காரர் செருப்பை மாட்டினார், பிறகு கழற்றினார். பாக்கி இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. அன்னிக்கு வரலேன்னா, அப்புறம் எப்பவும் வர வேண்டாமாம்."

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

"எனக்கு ஈவினிங் டூட்டி," என்றார் அற்புதசாமி.

"அடைக்கலராஜ் மாமா மாத்திக்குவாரேப்பா. கேட்டுப் பார்க்கட்டுமா?"

அற்புதசாமி இட்லியை அப்படியே வைத்துவிட்டார். "அடைக்கலராஜ் கையில நேயர் விருப்பத்தைக் குடுக்கறதா? அதுக்கு மைக்கைக் கொண்டு போய் அவன் சமையல்கட்டுலயே வச்சுடலாம்."

அடைக்கலராஜ் அவருக்கு அடுத்தபடி இருந்த அறிவிப்பாளர். நல்ல குரல். நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், மனைவி. வீட்டில் சண்டை போட்டுவிட்டு டூட்டிக்கு வந்தால், பாட்டு விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து கடைசியில் 'மற்றும் பொன்மலையிலிருந்து சூசைமேரி' என்று சேர்த்துவிடுவார். சூசைமேரி எந்தக் காலத்திலும் கார்டு போட்டதில்லை. ஆனால் அந்த ராத்திரி அடைக்கலராஜுக்குச் சூடாகச் சாப்பாடு இருக்கும். பொன்மலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவைக் கேட்டே 'இன்னிக்குச் சண்டையா, இல்லையா' என்று தெரிந்துகொண்டார்கள்.

"மைக்கை மல்லிகைப்பூ ஆக்கிட்டான்யா!" என்று அற்புதசாமி கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். அடைக்கலராஜைக் கண்டாலே, "என்னப்பா, வீட்டுல சண்டையா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

"நான் அப்படியா?" என்று இப்போது மனைவியைக் கேட்டார். "எழுபத்தேழு வெள்ளத்துல என்ன செஞ்சேன்?"

வெள்ளக் கதையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். ஆனால் அவர் சொல்லாமல் விடமாட்டார். அப்போது உறையூரில் குடியிருந்தார்கள். காவேரி கரையை மீறி ஊருக்குள் வந்தது. அற்புதசாமி நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போக வழியில்லை. தண்ணீர் ஏறுகிற தெருக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்த வரிசையில் அவர் தெருவும் வந்தது. அதையும் வாசித்தார்.

"என் தெருவுக்கும் மத்த தெருவுக்கும் குரல்ல ஒரு நூல் வித்தியாசம் இருந்துச்சா?"

"இல்ல," என்றாள் இருதயமேரி. "நான் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில ரெண்டு புள்ளைங்களையும் புடிச்சிக்கிட்டு நின்னு கேட்டேன். ஒரு நூல் கூட இல்ல."

இதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கை கழுவ எழுந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் இருதயமேரி பையைக் கட்டிவிட்டாள். வேளாங்கண்ணி எண்ணெய், ஒரு சின்ன மெடல், நாலு குழந்தைச் சட்டை, ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. இன்னாசிராஜ் துணைக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி வழியாகத் தொட்டியம் போகிற பஸ்.

வாசலில் நின்று சொன்னாள்: "பேத்தி பொறந்தா லூர்துன்னு வைக்கறேன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஆனா நான் சொன்னா அவ கேக்க மாட்டா. உங்க வாயிலேர்ந்து வரணுமாம். அவளுக்கு உங்க வாயி மேல என்ன பைத்தியமோ தெரியல."

"எனக்கு டூட்டி இருக்கு மேரி."

"இருக்கட்டும். உங்களுக்கு அது மட்டுமாவது இருக்கட்டும்."

இன்னாசிராஜ் பையைத் தூக்கிக்கொண்டான். இந்தத் தடவை அந்த இழவு வீட்டு முகத்துக்குப் பின்னால் சிரிப்பு இல்லை. அதுதான் அற்புதசாமிக்கு உறுத்தியது.

நிலையத்துக்கு அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். காலி வீட்டில் உட்கார முடியவில்லை. ஆனால், கார்டுகளைப் பிரிக்க வேண்டியிருந்தது என்று காரணம் வைத்துக்கொண்டார்.

நிலையம் இப்போது பெரிசாகிவிட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒலிப்பதிவு நாடாவெல்லாம் அபூர்வம். பாட்டு, நாடகம், பேச்சு எல்லாம் அப்போதே நடக்கும், அப்போதே போகும். சுவரில் சாக்குப்படுதா. மின்விசிறி சத்தம் போடும் என்று நிறுத்திவிடுவார்கள். வித்வான் பாடுவார், வேர்வையில் நனைவார், வெளியே வந்து சட்டையைப் பிழிவார். ஒருமுறை உழவர் நிகழ்ச்சியில் காளை மாடு கத்த வேண்டிய இடத்தில், கத்துவதற்கென்று வந்திருந்த ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அற்புதசாமியே கத்தினார். அடுத்த வாரம் குளித்தலையிலிருந்து ஒரு கார்டு வந்தது: அந்த மாடு விலைக்குக் கிடைக்குமா?

அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தவள் பேட்ரிசியா ஒருத்திதான்; இன்னாசி பிறக்கவில்லை. ஸ்கூல் விட்டு வந்தால் அப்பா இருக்க மாட்டார். ரேடியோவைத் திருகினால் இருப்பார். அவர் 'வணக்கம்' என்றால் அவளும் 'வணக்கம்ப்பா' என்பாள் என்று இருதயமேரி சொல்லியிருக்கிறாள். அற்புதசாமிக்கு அது பிடிக்காது. ரேடியோவுக்குப் பதில் சொல்வது பட்டிக்காட்டுத்தனம் என்பது அவர் கொள்கை.

கார்டுகளை ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, நிலையத்தைப் பெருக்கும் வீராயி வந்து கதவருகில் நின்றாள்.

"சார், உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்காரு. தார் கொண்டாந்திருக்காரு."

"ரோடு போடறவங்களா?"

"வாழத்தார் சார்."

வரவேற்பறை பெஞ்சில் ஒரு பூவன் தார் உட்கார்ந்திருந்தது. அது பெஞ்சு முழுவதையும் எடுத்துக்கொண்டதால் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. அற்புதசாமியைப் பார்த்ததும் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே இருக்க, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை, அற்புதசாமி குள்ளம்.

"நீங்கதானா சம்பந்தி? அந்தக் குரலுக்கு ஆளு இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

அற்புதசாமிக்கு யாரென்று புரிந்தது. உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னாலும் இடமில்லை.

"ரங்கசாமிங்க, தொட்டியம். தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க தினமும் 'மீண்டும் நாளை சந்திப்போம்'னு சொல்றீங்க. நானும் 'சரிங்க சம்பந்தி'ன்னு சொல்லிட்டு, ரெண்டு வருஷமா நாளைக்கு, நாளைக்குன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் தோணுச்சு. அவருக்கு வேலை இருக்கும். நாமளே போயி சந்திச்சிடுவோம்னு வந்துட்டேன்."

கேலி செய்கிறாரா என்று அற்புதசாமி முகத்தைப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. இன்னாசிராஜிடம் பழகியவர் என்பதால் இன்னொரு முறையும் பார்த்தார். இல்லவே இல்லை.

"ஏழு மணிச் செய்தி முடிஞ்சு நீங்க பேசறப்ப எங்க வீட்டுல ஒரு பய வாயைத் தொறக்க முடியாது. 'சம்பந்தி பேசறாரு, சும்மா இருங்கடா'ன்னுடுவேன். உரம் வைக்கறதைப் பத்தி ஒருநாள் சொன்னீங்க பாருங்க, அதே மாதிரி வச்சேன். அந்தத் தாருதான் இது."

தாரை இருவரும் பார்த்தார்கள். குறை சொல்ல முடியாத தார்.

"எனக்கு இன்னிக்கு டூட்டி," என்றார் அற்புதசாமி.

"தெரியுங்களே. ஆறரைக்கு உங்க பாட்டு. எங்க ஊர்ல அதுதான் விளக்கு வைக்கற நேரம்." ரங்கசாமி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரியவங்க மடியில புள்ளைய வச்சு, காதுல மூணு தடவ பேரைச் சொல்லணும்ங்க. ரெண்டு தடவயோட நிறுத்துனா பேரு நிக்காதும்பாங்க எங்க பக்கம். நானே சொல்லிடலாம்தான். மருமவ ஒத்துக்க மாட்டேங்குது. எங்கப்பா வரட்டும்னு வீம்பா இருக்கு. வீட்டுப் பொம்பளைங்க ஒரு மாசமா புள்ளைய 'ஏ, இந்தா'ன்னுதான் கூப்புடறாங்க."

"பேரு அவங்கவங்க வழக்கப்படி வைக்க வேண்டியதுதானே."

"வழக்கப்படின்னா எங்க அம்மா பேரு. அமிர்தம். பொம்பளப் புள்ள பொறந்தா அந்தப் பேருன்னு எம் மனசுல ஒரு எண்ணம் இருந்துச்சு." அவசரமாகக் கையை ஆட்டினார். "அது கெடக்கட்டும்ங்க. நீங்க உங்க வேதத்துப் பேராவே வைங்க. எதா இருந்தாலும் எங்க வீட்டுல எவளும் முணுமுணுக்க மாட்டா. நான் சொல்லி வச்சிட்டேன்."

அற்புதசாமிக்கு இந்த மனிதரிடம் எங்கே கோபப்படுவது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம். இறக்கி வைக்க இடம் வேண்டும். தேடினார், கிடைத்தது.

"இதைப் பாருங்க. ஒருவேளை ரேடியோவில ஏதாவது சொல்லச் சொல்லிக் கேக்க வந்திருந்தீங்கன்னா, முன்னாடியே சொல்லிடறேன். அந்த மைக்குல வீட்டு விஷயம் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது."

ரங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயய்யோ! நல்லாருக்கே! சர்க்கார் சாமான்ல நம்ம வீட்டுக் கதையைப் பேசலாமா? அது தப்புங்க."

அற்புதசாமியின் கோபம் மறுபடியும் கையிலேயே நின்றுவிட்டது.

"நீங்க அப்படிப்பட்ட ஆளுன்னுதான் மருமவ வாய் ஓயாம சொல்லுமே. வெள்ளத்துல என்னமோ தெருப் பேரெல்லாம் வாசிச்சீங்களாம். எத்தனை தடவ சொல்லியிருக்கு! சுத்திலும் தண்ணி, இருட்டு, தம்பிக்காரன் அழுவுறான், அம்மா செபம் பண்றாங்க. ரேடியோவில எங்கப்பா எங்க தெருவை வாசிச்சாரு, குரல் ஆடவே இல்ல மாமா, அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு, அப்பாவே பயப்படல, நமக்கென்னன்னு தம்பியைத் தூக்கி வச்சிக்கிட்டேன், அப்படின்னு சொல்லும். சொல்றப்பல்லாம் அதுக்குக் கண்ணு கலங்கிடும்."

அற்புதசாமி தாரின் மேல் கையை வைத்தார். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவர் குரல் ஆடாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. மைக்கின் கீழே மேஜைக் காலைத் தன் இரண்டு கால்களாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் எழுந்திருக்க முடியாமல், அடைக்கலராஜ்தான் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்.

"சரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் ரங்கசாமி. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "பேட்டரிக் கட்டை வாங்கிட்டேன். மருமவ ரேடியோவைத் தொட்டில் கம்புலயே மாட்டி வச்சிருக்கு. உங்க குரல் கேட்டா புள்ள அழுகையை நிறுத்திடும்ங்க. ஆனா கட்டை தீர்ந்துபோயி, நாலு நாளா நீங்க கெணத்துக்குள்ள விழுந்து பேசற மாதிரி இருக்கு. எங்கே, ஒரு பேரு மட்டும் சொல்லி அனுப்புங்க சம்பந்தி. அது சொன்னா ஒத்துக்குதான்னு பார்க்கறேன்."

பொட்டலத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

ஒரு பெயர். அற்புதசாமியின் வாய், முன்னறிவிப்பில்லாமல் ஆயிரம் பேருடைய பெயரை வாசிக்கக்கூடிய வாய், திறந்தது. மூடிக்கொண்டது.

"எனக்கு நேரமாச்சு," என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோது தார் மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஆறரை மணி. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். நேயர் விருப்பம்," என்றார் அற்புதசாமி. தொட்டியத்தில் ஒரு குடியானவர் 'வணக்கம் சம்பந்தி' என்று பதில் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அது பட்டிக்காட்டுத்தனம் என்ற கொள்கை கொஞ்சம் தாமதமாகவே பின்னால் வந்தது.

முதல் இசைத்தட்டு தயாராகச் சுழன்றுகொண்டிருந்தது. கார்டுகளைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள். முசிறியிலிருந்து வெள்ளையம்மாள், ஆண்டி மற்றும் குடும்பத்தினர். திருவானைக்காவலிலிருந்து சுராயா. லால்குடியிலிருந்து..."

கடைசிக் கார்டையும் வாசித்துவிட்டார். அடுத்ததாகக் குரலை நிறுத்தி முள்ளை இறக்க வேண்டும். கை போனது. வாய் நிற்கவில்லை.

"மற்றும், தொட்டியத்திலிருந்து லூர்து அமிர்தம்."

முள் இறங்கியது. பாட்டு தொடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. அற்புதசாமி, யாரோ வேறு ஒருவர் பேசிவிட்டுப் போன மாதிரி, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தார். ஒரு தடவை. யாருக்கும் தெரியாது. தொட்டியத்தில் ஒரு தொட்டில் கம்பில் மாட்டியிருக்கும் ரேடியோவுக்கு மட்டும் தெரியும்.

கதவு மெல்லத் திறந்தது. வீராயி விரல் நுனியில் நடந்து வந்தாள். பாட்டு ஓடும்போது உள்ளே வரலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், தாரை எடுத்து உள்ள வைக்கப் போனேன். அதுக்குப் பின்னால இது கெடந்துச்சு. உங்க சொந்தக்காரரு மறந்துட்டாரு போல."

காகிதப் பொட்டலம். பிரிக்காமலேயே கனம் சொன்னது. பேட்டரிக் கட்டை.

"அவர் போயி எவ்வளவு நேரமாச்சு?"

"அவரா? இந்நேரம் ஊருக்கே போயிருப்பாரு சார்."

அவள் போய்விட்டாள். அற்புதசாமி பொட்டலத்தை மைக்கின் பக்கத்தில் வைத்தார். அந்த மேஜையில் இதற்கு முன் யாரும் சொந்தச் சாமானை வைக்க அவர் விட்டதில்லை. ஒருமுறை அடைக்கலராஜ் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்ததற்கே ஒரு வாரம் பேசினார்.

கிணற்றுக்குள் விழுந்து பேசுகிற மாதிரி. நாலு நாளாகவே அப்படி. இன்றைக்கு எப்படி இருக்கும்? கிணற்றில் தண்ணீரும் இருக்குமோ?

இரண்டாவது பாட்டு. பெயர்களை வாசித்தார். மைக்குக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டே வந்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் தினமும் சொல்வது, மைக்கைக் கடிக்காதே என்பது.

"தொட்டியத்திலிருந்து," என்றார். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தார். "லூர்து. அமிர்தம்."

பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் அடைக்கலராஜ் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி டூட்டிக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். கையில் ஒரு பூவன் பழம். உரித்தது பாதியில் நின்றிருந்தது. குனிந்து உள்தொடர்புப் பொத்தானை அழுத்தினார். சின்ன ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"அண்ணே, யாருண்ணே அந்தத் தொட்டியத்து அம்மா? ரெண்டு பாட்டையும் விரும்பிக் கேட்டிருக்காங்க?"

"புது நேயர்."

"கார்டைக் காட்டுங்களேன்."

அற்புதசாமி கார்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

கண்ணாடிக்கு அப்பால் அடைக்கலராஜின் பார்வை மேஜைக்குப் போனது. காகிதப் பொட்டலத்தில் நின்றது. பிறகு அற்புதசாமியின் முகத்துக்கு வந்தது. எத்தனையோ வருஷமாகத் தின்ற கேலியெல்லாம் அவர் உதட்டில் ஒன்றுகூடி வந்தது தெரிந்தது. பழத்தைக் கீழே வைத்தார். துடைத்த விரலால் பொத்தானை அழுத்தினார்.

"என்னண்ணே," என்றார், ரொம்ப மெதுவாக. "வீட்டுல சண்டையா?"

அற்புதசாமி பொட்டலத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்று.

அடைக்கலராஜின் உதட்டில் இருந்தது போய்விட்டது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூன்றாவது இசைத்தட்டை, அந்த அறையிலிருந்த இன்னொரு இசைத்தட்டுக் கருவியில், அவரே துடைத்து வைத்தார். கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கினார்: தயார், பேசுங்கள்.

இரண்டு தடவையோடு நிறுத்தினால் பெயர் நிற்காது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜைக்குக் கீழே அற்புதசாமியின் இரண்டு கால்களும் மேஜைக் காலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. கார்டுகளைப் பார்க்கவில்லை. குளித்தலைக்காரர்களும் லால்குடிக்காரர்களும் இந்த ஒரு பாட்டுக்குப் பொறுத்துக்கொள்ளட்டும்.

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்," என்றார். வெள்ளத்தில் ஆடாத குரல் அந்த இடத்தில் லேசாக ஆடியது. நிறுத்தி, மறுபடியும் எடுத்தார்.

"தொட்டியத்திலிருந்து, பேட்ரிசியாவின் மகள், லூர்து அமிர்தம்."

பாட்டு தொடங்கியது. மைக்கின் பக்கத்தில், பிரிக்காத பொட்டலத்தில், பேட்டரிக் கட்டைகள் புத்தம் புதிதாக இருந்தன.